அளவு சரியா, நண்பா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் ஒட்டியதும் நம் வகுப்பில் பலரும் "நட்பு", "தன்னம்பிக்கை", "வேலையில்லாத் திண்டாட்டம்" என்று தலைப்புகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் "போர் விமான மாடல் கிட்" என்றேன். பெஞ்சே சிரித்தது. "சின்னப் பிள்ளைங்க விளையாட்டுச் சாமானைப் பத்தி எழுதப் போறியாடா?" என்று கேட்டான் பக்கத்தில் இருந்தவன். ஆமாம், அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் படித்து முடித்த பிறகு உங்கள் ரெக்கார்டு நோட்டை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அதுதான் என் ஒரே வேண்டுகோள்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. என் அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் டிங்கர். அம்மா வீட்டு வேலையோடு நூறு நாள் வேலைக்கும் போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "பையன் பாலிடெக்னிக் படிக்கிறான்" என்று அப்பா டீக்கடையில் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயரும். அந்தக் குரலுக்கு நான் தகுதியானவனா என்ற கேள்வியை எனக்குள் கிளப்பியது ஒரு குட்டி விமானம்!

ஜெராக்ஸ் கடையில் வந்த விமானம்

போன கோடை விடுமுறையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஒருநாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் வந்தார். கையில் ஒரு விமான வரைபடம். மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து என்று மூன்று தோற்றம். நாம் முதலாண்டு டிராயிங் வகுப்பில் போடுகிறோமே, அதே பிளான், எலிவேஷன்தான்.

"தம்பி, இது 72-ல் ஒரு பங்கு. எனக்கு 48-ல் ஒரு பங்காப் பெருசு பண்ணணும். எத்தனை சதவீதம் வைப்பீங்க?" என்று கேட்டார்.

நான் முழித்தேன். டிப்ளமோ படிக்கிறேன் என்று அவரிடம் முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தேன். 72-ஐ 48-ஆல் வகுத்தால் ஒன்றரை. அதாவது 150 சதவீதம். இவ்வளவுதான் கணக்கு! ஆனால் இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. நகல் வந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்டீல் ரூலை எடுத்து அளந்தார். "நீளத்துல ஒரு மில்லிமீட்டர் கூடுது. மிஷின் இழுக்குது. ஒரு சதவீதம் கொறைச்சுப் பாருங்க" என்றார். ஜெராக்ஸ் எடுத்த காகிதத்தை அளந்து பார்த்த மனிதரை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அது ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானம். ஆர்.ஜே. மிட்செல் என்ற பொறியாளர் வடிவமைத்தது. 1936 மார்ச் 5-ல் முதல்முறை பறந்தது. அடுத்த ஆண்டே மிட்செல் இறந்துவிட்டார். தான் உருவாக்கிய விமானம் போரில் பறந்ததை அவர் பார்க்கவே இல்லை. இதையெல்லாம் அந்த சார் கடைவாசலில் நின்றபடியே சொன்னார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது!

நான் செய்த முதல் தப்பு

சம்பளம் கைக்கு வந்ததும் ஒரு கிட் வாங்கினேன். தொள்ளாயிரத்துச் சொச்சம் ரூபாய். வீட்டில் முந்நூறு ரூபாய் என்று சொன்னேன். இந்தப் பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

எதைப் பார்த்து வாங்கினேன்? பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்து! மேகத்தைக் கிழித்துக்கொண்டு, துப்பாக்கி முழங்க, ஸ்பிட்ஃபயர் 'மார்க் 5' பாய்ந்து வருகிறது. சினிமா போஸ்டரைப் பார்த்து டிக்கெட் எடுக்கிற கதைதான்.

கல்லூரி திறந்ததும் மெட்ராலஜி லேபில் ஒரு நாள் ஓய்வு நேரம் கிடைத்தது. பிளாஸ்டிக் இறக்கையை எடுத்துப் போய் 300 மி.மீ. வெர்னியரில் வைத்தேன். நிஜ விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். அதை 72-ஆல் வகுத்தால் 156 மி.மீ. வர வேண்டும். எனக்கு வந்ததோ 153! மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 72 மடங்கில் அது 216 மி.மீ. நிஜ விமானத்தில் கிட்டத்தட்ட ஒரு சாண் இறக்கையைக் காணோம்!

அதோடு விட்டதா? விமானத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மார்க் 5-ல் வலது இறக்கைக்கு அடியில் பெரிய ரேடியேட்டர் இருக்கும், இடது இறக்கைக்கு அடியில் சிறிய ஆயில் கூலர் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே அளவு ரேடியேட்டர் வந்தது 1942-ல் வந்த மார்க் 9-ல். அதன் பிரொப்பெல்லருக்கு நான்கு இதழ். என் கிட்டில் மூன்று இதழ் பிரொப்பெல்லர், அடியில் இரண்டு பெரிய ரேடியேட்டர். ஒருவர் தலையை இன்னொருவர் உடம்பில் ஒட்டிய போட்டோ மாதிரி, அப்படி ஒரு விமானம் உலகத்தில் பறக்கவே இல்லை!

இது கிட் செய்தவர்களின் தப்பு என்று நான் கோபப்பட்டேன். ஆனால் அளக்காமல் வாங்கியவன் யார்?

அப்பா கண்டுபிடித்த இரண்டாம் தப்பு

எப்படியோ ஒட்டி முடித்தேன். திண்ணையில் வைத்துவிட்டு, தூரத்திலிருந்து பார்த்துப் பூரித்துப் போயிருந்தேன். பட்டறையிலிருந்து வந்த அப்பா கைகால் கழுவிவிட்டு வந்து முன்பக்கமாகக் குத்தவைத்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார்.

"கண்ணு, இடது றெக்கை தொங்குதே."

"இல்லீங்கப்பா, சரியாத்தான் ஒட்டினேன்."

"தொங்குது சாமி. அளந்து பாரு."

அளந்தேன். இடது முனை வலதைவிட இரண்டு மில்லிமீட்டர் கீழே இருந்தது. ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் நேராக நீட்டிக்கொண்டு இருக்காது. 6 டிகிரி மேல்நோக்கி ஏறும். இந்த அளவில் முனை ஏழெட்டு மில்லிமீட்டர் உயர வேண்டும். பசை காயும்முன் நான் கையை எடுத்துவிட்டேன், ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நாலாம் வகுப்பைத் தாண்டாத என் அப்பாவுக்கு அது கண்ணளவிலேயே தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாக மட்கார்டும் கேபின் கதவும் நேர் பார்த்த கண் அது. கருவி என் கையில் இருந்தது; பார்வை அவரிடம் இருந்தது.

அன்று இரவே விலை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "முந்நூறு இல்லீங்கப்பா, தொள்ளாயிரம்" என்றேன். அது அவருடைய ஒரு நாள் கூலி. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நெசத்தைச் சொல்லியே வாங்கியிருக்கலாமே கண்ணு. நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு காகிதத்தில் கொஞ்சம் பட்டியும், சொட்டு ஹார்டனரும், 400 நம்பர் உப்புத்தாளும் கொண்டுவந்து, "சந்து தெரியுது பாரு, அதுக்கு இது வை. கொஞ்சமா வை. நெறைய வெச்சா நெறையத் தேய்க்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

நண்பர்களே, அந்த வாரம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் அப்பாவிடம் சொன்ன முந்நூறும், ரெக்கார்டு நோட்டில் எழுதுகிற ரீடிங்கும் ஒரே ஜாதி!

ஐந்து ரீடிங்

உண்மையைப் பேசுவோமா? ஐந்து ரீடிங் எடுக்கச் சொன்னால் நாம் எத்தனை எடுக்கிறோம்? ஒன்று. மிச்சம் நான்கை நாமே பெற்றெடுக்கிறோம்! 24.12 வந்தால் 24.10, 24.14, 24.12, 24.10 என்று அழகாக வரிசைப்படுத்தி, சராசரி போட்டு, கோடு இழுத்து, கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். ஜீரோ எரர்? 'இல்லை' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. போன வருஷ அண்ணன்களின் நோட்டிலிருந்து வந்த ஜீரோ எரர் இந்த வருஷமும் மாறாமல் இருக்கிறது. வெர்னியருக்கு வயதே ஆகவில்லை போலும்!

நானும் இதைச் செய்தவன்தான். ஆசிரியர்களையோ லேபையோ நான் குறை சொல்லவில்லை. பேனா நம் கையில்தானே இருந்தது?

ஆனால் அந்த இறக்கையை நான் அளந்தபோது ரெக்கார்டுக்காக அளக்கவில்லை. விடை என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. 156 வர வேண்டும் என்று ஆசை இருந்தது. வந்தது 153. ஆசைக்கும் அளவுக்கும் நடுவில் நின்றபோதுதான் அளவெடுப்பது என்றால் என்ன என்று புரிந்தது. மூன்று முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வெர்னியரின் தாடைகளை மூடி ஜீரோ எரரையும் பார்த்தேன். மூன்றாம் ஆண்டில்தான் முதல்முறையாக!

பள்ளிப் பிள்ளைகள் செய்த ஐந்து லட்சம் விமானங்கள்

"பொம்மைக்கு எதுக்குடா இவ்வளவு அளவு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு.

1942 தொடக்கம். அமெரிக்கா அப்போதுதான் போரில் இறங்கியிருந்தது. வானத்தில் தூரத்தில் ஒரு விமானம் தெரிகிறது. நம்முடையதா, எதிரியுடையதா? பீரங்கிக்காரன் சில நொடியில் முடிவு செய்ய வேண்டும். தவறினால் தன் ஆளையே சுட்டுவிடுவான். அதற்குப் பயிற்சி கொடுக்க அமெரிக்கக் கடற்படைக்கு மாதிரி விமானங்கள் தேவைப்பட்டன. 50 வகை, வகைக்கு 10,000, ஆக மொத்தம் 5,00,000. யாரிடம் கேட்டார்கள் தெரியுமா? உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம்! நாடு முழுக்கப் பள்ளிப் பட்டறைகளில் பிள்ளைகள் மரத்தைச் செதுக்கி, அட்டை டெம்ப்ளேட் வைத்துச் சரிபார்த்து, கறுப்பு வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள்.

அளவு என்ன? இதே 72-ல் ஒரு பங்கு. இந்த அளவில் செய்த மாதிரியை 35 அடி தூரத்தில் பிடித்தால், 35 × 72 = 2520 அடி, அதாவது கிட்டத்தட்ட அரை மைல் தூரத்தில் பறக்கும் நிஜ விமானம் போலத் தெரியும். வகுப்பறைக்குள்ளேயே வானத்தைக் கொண்டுவரும் வித்தை!

இப்போது சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன், "கொஞ்சம் குட்டையாப் போச்சு, யாரு அளக்கப் போறா?" என்று இறக்கை முனையை உருட்டி விட்டிருந்தால்? அதைப் பார்த்துப் பழகிய பீரங்கிக்காரனின் கண்ணும் தப்பாகத்தானே பழகும்? அவர்கள் நம்மைவிடச் சின்னவர்கள். அவர்கள் கையில் இருந்தது பொம்மையா?

எப்படித் தேர்வு செய்வது?

என்னைப் போல ஏமாறாதிருக்க, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒன்று: முதலில் விமானத்தை முடிவு செய்யுங்கள், பிறகு பெட்டியைத் தேடுங்கள். 'ஸ்பிட்ஃபயர்' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மார்க், எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு? ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் 'இ' வகைக்கு வால் இறக்கைக்கு அடியில் முட்டுக்கம்பி உண்டு, இறக்கை முனை சதுரம் போல இருக்கும். 'எஃப்' வகையில் முட்டுக்கம்பி இல்லை, முனை வட்டம். ஜப்பானின் ஜீரோவில் 21-ஆம் மாடல் இறக்கை 12 மீட்டர். கப்பலின் லிஃப்டில் இறங்க வசதியாக முனைகள் மடங்கும். 32-ஆம் மாடலில் அந்த முனைகளையே எடுத்துவிட்டார்கள், அதனால் 11 மீட்டர். பெயர் ஒன்றுதான், விமானம் வேறு.

இரண்டு: அளவு. 72-ல் ஒரு பங்கு மலிவு, அலமாரியில் இடமும் குறைவு. ஆறடி மனிதன் இதில் ஓர் அங்குலம். 48-ல் ஒரு பங்கில் காக்பிட் வேலை நன்றாகத் தெரியும், விலையும் ஏறும். 32-ல் ஒரு பங்கு நம் பாக்கெட்டுக்கு ஆகாது. அளவே போடாத பெட்டியைத் தொடாதீர்கள். 1950-களில் பல கிட்டுகளைப் பெட்டியின் நீளத்துக்கு ஏற்ப விமானத்தைச் சுருக்கி விற்றார்களாம். காலுக்குச் செருப்பு செய்யாமல் செருப்புக்குக் காலை வெட்டிய கதை!

மூன்று: அச்சின் வயதைக் கேளுங்கள். பெட்டி புதிது, படம் புதிது, உள்ளே அச்சு நாற்பது வருஷப் பழசாக இருக்கலாம். பழைய அச்சில் தகட்டு இணைப்புக் கோடுகள் மேடாக நிற்கும். புதியவற்றில் பள்ளமாக, மெல்லியதாக இருக்கும். பள்ளமும் அகலமாக இருந்தால் தப்புதான். 0.3 மி.மீ. கோடு என்றால் நிஜத்தில் 21 மி.மீ.க்கும் மேலான சந்து. கட்டைவிரல் நுழையும் சந்தோடு எந்த விமானம் பறக்கும்? இறக்கையின் பின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடிப்பு என்றால் நிஜத்தில் 72 மி.மீ. உள்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்க வேண்டும்.

நான்கு: கூட்டாக வாங்குங்கள். நாலு பேர் சேர்ந்தால் தலைக்கு முந்நூறுக்குள் நல்ல கிட் கிடைக்கும். அதற்கும் வழியில்லையா? வரைபடம் ஒன்று, மரக்கட்டை ஒன்று, அரம் ஒன்று போதும். அந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம் இருந்ததும் அவ்வளவுதானே!

எப்படிக் கட்டுவது?

உதிரிகளைச் சட்டத்திலிருந்து முறித்து எடுக்காதீர்கள். நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை அரத்தால் சமன் செய்யுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சில் தடவிய எண்ணெய் போகும். பசை போடும்முன் வெறுமனே பொருத்திப் பாருங்கள். மாடலுக்கான திரவப் பசை வெறும் பசை அல்ல. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றோடொன்று சேர்க்கிறது. நம் வெல்டிங் ஷாப் பாடம்தான், நெருப்பில்லாமல்! அதனால் கொஞ்சமாகப் போடுங்கள். காக்பிட் கண்ணாடிக்கு உடனே பிடிக்கும் சூப்பர் பசை வேண்டாம். அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். ஃபெவிகால் போதும்.

இறக்கைக்கு அட்டையில் ஒரு ஜிக் வெட்டி, அதில் உட்கார வைத்து ஒருநாள் முழுக்க விடுங்கள். நம் ஃபிட்டிங் ஷாப்பில் ஜிக் எதற்கு என்று கேட்டால் புத்தக வரியை ஒப்பிப்போம். எனக்கு இப்போதுதான் அது எதற்கென்று தெரியும்.

வண்ணத்துக்கும் தேதி உண்டு. 1940 கோடையில் பிரிட்டிஷ் போர் விமானத்தின் மேலே பச்சையும் பழுப்பும், அடியில் 'ஸ்கை' என்ற வெளிர் நிறம். 1941 ஆகஸ்டில் பழுப்புக்குப் பதிலாகச் சாம்பல் வந்தது. மெலிதாக இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். டீகால் ஒட்டும்முன் பளபளப்பு வார்னிஷ் அடித்தால்தான் அது தோல்போல ஒட்டும். இல்லாவிட்டால் அடியில் காற்று நின்று வெள்ளிபோல மின்னும். கடைசியில் மங்கல் வார்னிஷ்.

ஆணி எண்ணுகிறவர்களும் ஆணியே வேண்டாம் என்பவர்களும்

இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, ரிவெட் ஒன்று குறைந்தாலும் கிட்டைக் குப்பையில் போடு என்கிறது. இன்னொரு கட்சி, பார்த்தால் ஸ்பிட்ஃபயர் மாதிரி தெரிகிறதா, போதும், சந்தோஷமாக இரு என்கிறது.

நான் இரண்டிலும் இல்லை. எவ்வளவு முயன்றாலும் பிழை இருக்கும். 0.1 மி.மீ. வண்ணப் பூச்சே நிஜத்தில் 7 மி.மீ. தடிப்பு. முழுச் சரி என்பது இல்லவே இல்லை. அதனால்தான் டாலரன்ஸ் என்று ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். பிழை இருப்பது குற்றமில்லை. தெரிந்த பிழையை மறைப்பதுதான் குற்றம்.

ஆகவே நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாடலின் அடியில் ஒரு சிறு அட்டை. என் முதல் விமானத்தின் அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இறக்கை 3 மி.மீ. குறைவு. ரேடியேட்டர் மார்க் 9-இன் வடிவம். இடது இறக்கை 2 மி.மீ. தாழ்வு, கட்டியவன் தவறு." கடைசி வரியை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. எழுதிய பிறகு நிம்மதியாக இருந்தது.

அம்மா கேட்ட கேள்வி

அம்மா ஒருநாள் கேட்டார்: "ஏன் சாமி, ஆளைக் கொல்ற பிளேனை இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்யறியே?"

நியாயமான கேள்வி. பல நாள் யோசித்தேன். அப்போது ஜீரோ ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஜீரோக்கள் நமக்கு அந்நியம் இல்லை. 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பின் மீதும், 9-ல் திருகோணமலையின் மீதும் ஜப்பான் கப்பல்களிலிருந்து பறந்து வந்தவை. எதிர்த்து எழுந்தவை ஹரிகேன்கள். அதே 9-ஆம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் 'ஹெர்ம்ஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. கீழே இருந்தது நம் மொழி பேசும் ஊர்கள்.

காக்பிட்டைக் கட்டும்போது பார்த்தேன். எடை குறைக்க இருக்கையிலேயே ஓட்டை ஓட்டையாகப் போட்டிருக்கிறார்கள். ஆரம்பகால ஜீரோவில் விமானிக்குப் பின்னால் கவசத் தகடு கிடையாது. ஸ்பிட்ஃபயரிலோ, விமானியின் முன்னாலேயே பெட்ரோல் டாங்க். குண்டு பட்டால் தீ எங்கே வரும்? அதில் உட்கார்ந்தவர்களில் பலர் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். நம் வயது! பெட்டிப் படத்தில் இது எதுவும் தெரியாது. அங்கே வீரம் மட்டும்தான் பாயும். சரியாக அளந்து கட்டினவனுக்குத்தான் அந்த இருக்கை எவ்வளவு குறுகல் என்று தெரியும்.

"போரைப் பெருமைப்படுத்த இல்லம்மா, உள்ளே இருந்தவனை மறக்காம இருக்கத்தான்" என்றேன். "அப்ப சரி. நல்லாப் பண்ணு" என்றார்.

ஒரு யோசனை

முடிவாக ஒரு வேண்டுகோள், மாணவர் பேரவைக்கும் உங்களுக்கும்.

பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234 போன்ற படைப்பிரிவுகளுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயர் உண்டு. சென்னை மாகாணம் கொடுத்த போர் நிதியின் பேரில் வந்த பெயர். அதில் 79-ஆம் பிரிவு 1942-ல் இந்தியாவுக்கு வந்து, பர்மா முனையில் ஹரிகேன் ஓட்டியது. அடுத்த கண்காட்சிக்கு அந்த ஹரிகேனை நாமே கட்டினால் என்ன?

கட்டுவதென்றால் சரியாகக் கட்டுவோம். இறக்கை 12.19 மீட்டர், 72-ல் ஒரு பங்கில் 169.3 மி.மீ. மூக்குக்கு அடியில் தூசி வடிகட்டி வேண்டும். '2-சி' வகையானால் 20 மி.மீ. பீரங்கி நான்கு. உடலின் பின்பாதி துணி போர்த்தியது, அங்கே ரிவெட் போட்டால் தப்பு. முக்கியமாக, வட்டச் சின்னத்தில் சிவப்பு கூடாது. ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பித் தன் ஆளே சுடக்கூடாதென்று இந்தப் பக்கத்து விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டு, நீலத்துக்குள் வெளிர் நீலம் போட்டார்கள். பர்மாவில் ஹரிகேன் ஓட்டிய நம் இந்திய விமானப்படையும் அதே சின்னம்தான் போட்டது. பெட்டியில் வரும் டீகாலை அப்படியே ஒட்டினால் தப்பாகப் போகலாம். பார்த்தீர்களா, ஒரு வட்டத்தின் நிறத்துக்குள் எத்தனை உயிர்!

அதன் அடியிலும் ஓர் அட்டை வைப்போம். நம் பிழைகளை நாமே எழுதுவோம்.

நண்பர்களே, இன்னும் சில மாதத்தில் நாம் வெளியே போகிறோம். யாரோ ஒருவர் நம் கையில் வெர்னியரைக் கொடுத்து, "அளந்து சொல்லுப்பா" என்பார். அப்போது பக்கத்தில் போன வருஷ அண்ணன் நோட்டு இருக்காது. நாம் எழுதுகிற எண் ஒரு பிரேக் டிரம்முக்குப் போகும். அந்த டிரம் ஒரு லாரிக்குப் போகும். அந்த லாரியை டெஸ்ட் பார்க்க என் அப்பா ஏறி உட்காருவார். உங்கள் அப்பாவும்தான்.

நான் இந்தப் பருவத்தில் ஒரு சோதனைக்கு ஐந்து ரீடிங்கும் எடுத்தேன். அதில் ஒன்று மற்றவற்றோடு ஒட்டவே இல்லை. அப்படியே எழுதினேன். சார் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "ஏன்?" என்று கேட்டார். காரணம் தேடினேன்; வெர்னியரைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். அந்த ஒரு "ஏன்?" மூன்று வருஷத்தில் நான் வாங்கிய எல்லா "வெரி குட்"-ஐ விடவும் எனக்குப் பெரிது.

அளவு சரியா, நண்பா? ஒருமுறை பார்த்துவிடு!



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை